என் அழைத்தலை அவள் சொன்னாள்

மதர் என்னைப் பார்க்க விரும்புவதாக மடத்திலிருந்து ஆள் வந்து சொன்னபோது நான் முற்றத்தில் காய்ந்துகொண்டிருந்த நெத்திலியைப் புரட்டிக்கொண்டிருந்தேன். என் தங்கை வார்த்தைப்பாடு கொடுக்கும் நாள் நெருங்கியிருந்தது. இனி கன்னியாஸ்திரியாகவே வாழ்வேன் என்று பீடத்தின் முன் முழந்தாளிட்டுச் சொல்வதற்குத்தான் வார்த்தைப்பாடு என்று பெயர். அதற்கு முன்னால் பெண்ணைப் பற்றி வீட்டாரை ஒருமுறை விசாரிப்பது அந்த மடத்து வழக்கம். அப்பாவையும் ஆத்தாவையும் ஏற்கெனவே கூப்பிட்டுப் பேசிவிட்டார்கள். மீதியிருந்தவள் கூடப் பிறந்த ஒரே அக்காவான நான்தான்.

"என்ன கேப்பாங்க?" என்று என் வீட்டுக்காரரிடம் கேட்டேன்.

"என்னத்தக் கேப்பாங்க? ஒன் தங்கச்சி நல்ல பொண்ணான்னு கேப்பாங்க. நல்ல பொண்ணுதான்னு சொல்லிட்டு வா. கருவாட்டு வாடை அடிக்குதுன்னு ஒன்னய உள்ள விடணுமே, அதப் பாரு மொதல்ல." சிரித்துவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து, "நானும் கூட வாரேன்" என்றார்.

கட்டுமாவடியில் படகு கரை சேரும் நாளில் அவர் வியாபாரத்தை விட்டு எங்கும் வந்ததில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு நான் தனியாக பஸ் ஏற வேண்டாம் என்று நினைக்கிறார் போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டேன்.

என் மனம் வேறொன்றில் இருந்தது. தங்கையைப் பற்றி மதரிடம் சொல்ல என்னிடம் ஒன்று இருந்தது. அதைச் சொன்னால் அவளை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். சொல்லாமல் விட்டால், ஒரு பொய்யின்மேல் அவள் வார்த்தைப்பாடு கொடுக்கும்போது முதல் வரிசையில் நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அதைவிடப் பெரிதாக, எனக்கே ஒன்று தெரிய வேண்டியிருந்தது. அதை அந்த மடத்தில்தான் கேட்க முடியும்.

அப்பா எங்கள் ஊர்க் கோவிலை ஒட்டிய ஆரம்பப் பள்ளியில் வாத்தியார். பெண்பிள்ளைகளைப் படிக்க வைக்க வேண்டும் என்று பிடிவாதமாக இருந்து, எங்கள் இருவரையும் புதுக்கோட்டையில் அந்த மடத்துப் பள்ளியின் போர்டிங்கில் சேர்த்தார். தங்கை எனக்கு ஒரு வகுப்பு கீழே. கோவிலைத் துடைப்பது, பூச்சாடி கழுவுவது, மெழுகு சுரண்டுவது என்று போர்டிங் பிள்ளைகளுக்கு முறை வைத்து வேலை உண்டு. ஒரு வருஷம், ஆண்டவர் சிலுவையில் இறந்த பெரிய வெள்ளியன்று, மெழுகு சுரண்டும் முறை எனக்கு வந்தது.

ஆண்டவரே உள்ளே இருப்பதாக நாங்கள் நம்பும் நற்கருணைப் பேழை வருஷத்தில் அந்த ஒரு நாள் காலியாக இருக்கும். அதன் சின்னக் கதவை விரியத் திறந்து வைத்திருப்பார்கள். முன்னால் எந்நேரமும் எரியும் விளக்கையும் அணைத்திருப்பார்கள். ஆண்டவர் இறந்துவிட்டார், வீடு காலி என்று அர்த்தம். சடங்கெல்லாம் முடிந்து மற்றப் பிள்ளைகள் கஞ்சி குடிக்கப் போயிருந்தார்கள். நான் துணியும் கையுமாகப் பீடத்தைக் கடந்தபோது பழக்கதோஷத்தில் முழங்கால் மடிந்தது. தரையைத் தொட்ட பிறகுதான் உள்ளே யாரும் இல்லை என்பது நினைவு வந்தது. ஆனால் எழுந்திருக்கத் தோன்றவில்லை. குரல் ஒன்றும் கேட்கவில்லை, வெளிச்சம் எதையும் நான் பார்க்கவில்லை. வெளியூர் போகிறவர் நம்பிக்கையானவரைக் கூப்பிட்டு, 'நான் வரும்வரை வீட்டைப் பார்த்துக்கொள்' என்று சொல்லிவிட்டுப் போவதில்லையா? என்னிடம் அப்படிச் சொல்லிவிட்டுப் போயிருப்பதாகப் பட்டது. அவ்வளவுதான். கஞ்சி ஆறிப்போகும் என்று யாரோ வந்து கூப்பிடும்வரை அங்கேயே இருந்தேன்.

இதை நான் தங்கையிடம் மட்டும் சொன்னேன். சனிக்கிழமை கிணற்றடியில் அவளுக்குப் பேன் பார்த்துக்கொண்டிருந்தபோது சொன்னேன்.

"காலிப் பெட்டிக்கு முட்டி போட்டியாக்கும்?" அவள் தலையைத் திருப்பாமலே சிரித்தாள். "மதர் காதுல விழுந்துறப்போகுது. புத்தி பெரண்டுபோச்சுன்னு வீட்டுக்கு அனுப்பிருவாங்க."

"நேராப் பிடி தலையை."

"சரி, அப்ப மனசு எப்பிடி இருந்துச்சு? பயமா?"

பயமில்லை என்று சொல்லி, மறுபடி விளக்கினேன். அதற்குப் பிறகும் இரண்டு மூன்று முறை அவளே கேட்டாள். யாராவது கேட்கமாட்டார்களா என்று இருந்த எனக்குச் சொல்லச் சொல்ல இனித்தது. எந்தப் படியில் நின்றேன், துணி எந்தக் கையில் இருந்தது என்பதெல்லாம்கூடச் சொன்னேன்.

நான் மடத்தில் சேர ஆசைப்படுவது வீட்டில் தெரியும். அப்பா யோசித்து, சரி என்றார். ஆத்தா தன் அண்ணன் மகனுக்குப் பெண் தருவதாக எப்போதோ வாக்குக் கொடுத்திருந்தாள். பெரியவள் மடத்துக்குப் போனால் சின்னவளைக் கொடுத்துவிடலாம் என்று பேச்சு. தங்கைக்கு மட்டும் அது பிடிக்கவில்லை. "கருவாட்டு மாப்பிள்ளைய நீயே கட்டிக்க" என்பாள் என்னிடம். விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்றுதான் நினைத்தேன்.

என் பள்ளிப் படிப்பின் கடைசி வருஷத்தில், மேல் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஞான ஒடுக்கம் நடந்தது. வெளியூர்ச் சாமியார் வந்து பிரசங்கம் செய்வார். அந்த நாட்கள் முழுவதும் ஒருவரோடு ஒருவர் பேசக் கூடாது. சாப்பாட்டுக்கு உப்பு வேண்டுமென்றாலும் சைகைதான். மடத்தில் சேர விருப்பமுள்ள பிள்ளைகளை மதர் தனித்தனியாகத் தன் அறைக்குக் கூப்பிட்டுப் பேசினார். என் முறை வந்ததும் போய் நின்று, பெரிய வெள்ளியன்று எனக்கு நேர்ந்ததைச் சொன்னேன். சொல்லும்போதே மதரின் முகம் மாறியது.

"இது அவர் கூப்பிட்டதுதான்னு ஒனக்கு நிச்சயமாத் தெரியுமா மகளே?"

நிச்சயமாகத் தெரியும் என்று எப்படிச் சொல்வது? ஆண்டவருடைய மனசு எனக்குத் தெரியும் என்று சொல்வது கர்வம் என்று ஞானோபதேச வகுப்பில் அவர்களே சொல்லித் தந்திருந்தார்கள். "எனக்கு அப்படித் தோணுச்சு மதர். நிச்சயம்னு சொல்லத் தெரியல" என்றேன்.

"ஒன் தங்கச்சி நேத்து வந்தா. இதே பெரிய வெள்ளி, இதே முழங்கால், இதே காலி வீடு. அவ தனக்கு நடந்ததாச் சொன்னா. அவளுக்கு ஒரு சந்தேகமும் இல்ல." மதர் கோபப்படவில்லை. என்னைப் பார்த்து இரக்கப்பட்டார். அதுதான் இன்றுவரை எனக்குத் தாங்கவில்லை. "ஆசை வேற, அழைத்தல் வேற. தங்கச்சிக்குக் கெடைச்சதப் பாத்து ஏங்குறது பாவம்னு நான் சொல்லல. ஆனா அது அழைத்தல் ஆகாது."

அங்கேயே சொல்லியிருக்கலாம். கூடப் பிறந்தவளைப் பொய்க்காரி என்று மதரிடம் சொல்ல நாக்கு எழவில்லை. அடுத்த நிமிஷமே வேறொரு எண்ணமும் வந்தது: அவளும் கோவில் துடைத்தவள்தானே, அவளுக்கும் அப்படி நேர்ந்திருந்தால்? என்னிடம் சொல்ல வெட்கப்பட்டிருந்தால்? தீர விசாரிக்காமல் தீர்ப்பிடலாமா? இப்படி யோசித்துக்கொண்டே வெளியே வந்துவிட்டேன்.

சாப்பாட்டுக் கூடத்து வாசலில் அவளைப் பிடித்தேன். "ஏன்டி?" என்று ஒரு வார்த்தைதான் வந்தது. அவள் உதட்டின் மேல் விரலை வைத்தாள். ஞான ஒடுக்கத்தில் பேசக் கூடாது. எங்களைக் கடந்து போன சிஸ்டர் என்னைத்தான் முறைத்தார்.

கடைசி நாள் பூசை முடிந்து மணி அடித்ததும் பிள்ளைகள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் கத்திப் பேசுவார்கள், காக்கைக் கூட்டம் போல. அந்தச் சத்தத்தில் நான் அவளைத் தேடினேன். மடத்தில் சேர எடுத்துக்கொண்ட பிள்ளைகளை அதற்குள் உள்கட்டுக்கு அழைத்துப் போயிருந்தார்கள். அந்தக் கதவைத் தாண்டி எங்களுக்கு அனுமதி கிடையாது.

லீவுக்கு ஊர் வந்ததும் ஆத்தாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் உலை அரிசியைக் களைந்தபடியே கேட்டாள்.

"சாமி மேல ஆணையாச் சொல்றேன் ஆத்தா, அது எனக்கு நடந்தது."

"நடந்திருக்கும். அதுக்காக இப்ப மடத்துக்குப் போயி, என் சின்ன மக பொய் சொல்லிட்டான்னு நான் சொல்லவா? யாருக்கு வந்தா என்னடி? நம்ம வீட்டுக்கு வந்துச்சுல்ல." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "ரெண்டு பேரும் போயிட்டா எங்கண்ணன் மூஞ்சில நான் எப்படி முழிக்கிறது?"

அப்பா கூடத்தில் பிள்ளைகளின் பரீட்சைத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தார். அவர் காதில் விழாமல் இருக்க வழியில்லை. தலையை அவர் நிமிர்த்தவேயில்லை.

மாமன் மகனைக் கட்ட வேண்டுமானால் கோவிலில் தனி உத்தரவு வாங்க வேண்டும். அதுவும் வந்தது. மூன்று ஞாயிறு பூசையில் என் பெயரையும் அவர் பெயரையும் சொல்லி ஓலை வாசித்தார்கள். தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று ஒவ்வொரு முறையும் சாமியார் சொல்லும்போது, நானே எழுந்து நின்றுவிடுவேனோ என்று பயந்து முந்தானையை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

என் வீட்டுக்காரர் நல்லவர். இதை எழுதாமல் விட்டால் அநியாயம். அவர் கை ஓங்கியதில்லை, குடித்ததில்லை. நான் புத்தகம் படித்தால், "வாத்தியார் மக, சத்தமாப் படி, நானும் கேக்குறேன்" என்பார். கட்டுமாவடிக் காற்றும் உப்பும் மீன் வாடையும் எனக்குப் பழகிவிட்டன. அடுத்த வருஷம் மகள் பிறந்தாள்.

பயம் அவளோடு பிறந்தது. பல் முளைக்கும் சமயத்தில் ஒருநாள் காய்ச்சல் ஏறி, கண் செருகி, உடம்பு விறைத்து வெட்டியது. பக்கத்து வீட்டுக்காரி தண்ணீரை ஊற்றித் துடைத்தாள். நானோ பச்சைத்தண்ணீர்ச் சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு, 'கூப்பிட்டும் போகாததற்கு இதுதான் கூலியா' என்று மனசுக்குள் கேட்டுக்கொண்டு நின்றேன். பிள்ளை தெளிந்துவிட்டாள். எனக்குத் தெளியவில்லை. ஒவ்வொரு இருமலுக்கும் அதே கேள்வி. பாவசங்கீர்த்தனத்தில் என் பாவங்களைச் சொல்லி முடித்துச் சாமியாரிடம் கேட்டேன்: "அழைத்தலைக் கேட்டும் போகாதவளுக்கு என்ன தண்டனை சாமி?" அவர், "ஒனக்கு அழைத்தல் இருந்துச்சுன்னு யாரு சொன்னது?" என்று திருப்பிக் கேட்டார்.

யாரும் சொல்லவில்லை. அதுதான் எனக்கு வேண்டியிருந்தது. உண்டு என்றாவது, இல்லை என்றாவது சொல்லத் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும். இல்லையென்றால் என் பிள்ளையின் காய்ச்சல் வெறும் காய்ச்சல். உண்டு என்றால், என்னைப் போகவிடாமல் செய்தது யார் என்றாவது தெரிந்துபோகும்.

இந்த நினைப்போடுதான் அன்று மடத்துக்குப் போனேன். என் வீட்டுக்காரர் வெளியே வேப்பமர நிழலில் நின்றுகொண்டார். கதவைத் திறந்த வயதான சிஸ்டர் என் கன்னத்தைத் தொட்டு, "நீதானா அக்கா?" என்று வழக்கத்துக்கு மேல் அன்பாகச் சிரித்தார்.

மதர் என் மகளின் கையில் மாதா படம் ஒன்றைக் கொடுத்தார். அவள் அதை வாயில் வைத்தாள். நான் பிடுங்கினேன். அவள் அழ, மதர் வேறொரு படம் கொடுத்து, "விடு, கடிக்கட்டும்" என்றார். பிறகு, "ஒன் மனசுல இருக்கிறதச் சொல்லு மகளே" என்றார்.

பஸ்ஸில் கோத்து வைத்திருந்த வார்த்தைகள் எல்லாம் போய்விட்டன. "மதர், அந்தப் பெரிய வெள்ளி... அது அவளுக்கு நடந்தது இல்ல."

"தெரியும்" என்றார் மதர்.

என் காதில் விழுந்தது சரிதானா என்று அவர் முகத்தைப் பார்த்தேன்.

"அவ உள்ள வந்த வருஷமே சொல்லிட்டா. எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. எல்லாரும் கூடியிருக்கிற நேரத்துல முட்டி போட்டு அவங்கவங்க குத்தத்தச் சொல்லணும். தட்டு ஒடச்சது, லேட்டா வந்தது, இப்படித்தான் சொல்லுவாங்க. அவ ஒரு நாள் எந்திரிச்சு வந்து, 'எங்க அக்காவோட அழைத்தலை என்னோடதுன்னு சொல்லி வந்தேன்'னு சொல்லிட்டா."

அப்படியென்றால் கதவு திறந்த சிஸ்டருக்குத் தெரியும். எனக்கு எட்டாம் வகுப்பு எடுத்தவருக்குத் தெரியும். சமையற்கட்டில் இருக்கும் சிஸ்டருக்குத் தெரியும். ஒரு மடம் முழுக்கத் தெரிந்திருந்தது.

"ஏன் அவளை அனுப்பல மதர்?"

"அனுப்பத்தான் இருந்தோம். பெரிய மதர்கிட்டக் கேட்டோம், சாமியார்கிட்டக் கேட்டோம். அவ வந்த வழி தப்பு. ஆனா வந்த பெறகு இருந்து காட்டிட்டா. வியாதிக்காரங்கள அவ பாக்குற மாதிரி இங்க யாரும் பாக்குறதில்ல."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"ஒங்க ஆத்தாவ வரச்சொல்லிக் கேட்டேன். ஒனக்குக் கல்யாணம் ஆயிருச்சு, முழுகாம இருக்க, இப்பச் சொன்னா ஒன் மனசு கெட்டுரும், குடும்பம் நடக்காதுன்னு சொன்னாங்க. எனக்கும் அது சரின்னு பட்டுச்சு." பிறகு, நான் கேட்காமலே, "ஒனக்கு வந்தது உண்மைதான் மகளே. அன்னிக்கு நான்தான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன்" என்றார்.

இத்தனை வருஷம் ஏங்கிய பதில் அது. கேட்டபோது பாரம் எதுவும் இறங்கவில்லை.

"அப்ப இன்னிக்கு எதுக்குக் கூப்பிட்டீங்க?"

"ஒனக்கு அவ மேல மனத்தாங்கல் இருக்கும்போது வார்த்தைப்பாடு கொடுக்க மாட்டேங்கிறா. நீ மன்னிச்சேன்னு சொல்லணும்."

தங்கை வந்தாள். துணைக்கு ஒரு சிஸ்டர் வந்து ஓரமாக உட்கார்ந்து லேஸ் பின்னினார். வெளியாட்களோடு தனியாகப் பேசக் கூடாது என்பது சட்டம். நான் வெளியாள். தங்கை மெலிந்திருந்தாள். என் மகளைப் பார்த்துக் கை நீட்டினாள். மகள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"அக்கா, நான் எல்லாத்தையும் சொல்லிட்டேன்."

"யாருகிட்ட?"

"மதர்கிட்ட. எல்லார்கிட்டயும். சாமியார்கிட்டப் பாவசங்கீர்த்தனத்துலயும்."

"எங்கிட்ட?"

அவள் தலை குனிந்தாள். "ஒங்கிட்டச் சொல்ல பயமா இருந்துச்சுக்கா."

"கருவாட்டு மாப்பிள்ளைக்குப் பயந்து ஓடியாந்த. அப்பறம் எனக்குப் பயந்துட்ட. சரி, சாமியாரு என்ன சொன்னாரு?"

"ஆண்டவர் பொறுத்துட்டாருன்னு சொன்னாரு."

"ஆண்டவரப் பாத்து நீ பொய் சொல்லல. அவருக்கு நீ யாருன்னு மொதல்லயே தெரியும். என்னையத்தான் நீ ஏமாத்துன."

லேஸ் பின்னிய சிஸ்டரின் கை நின்றுவிட்டது. தங்கை முழந்தாளிட்டாள். அவள் அழுகையில் பொய் இல்லை. அதை நம்புவதற்குத்தான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. மன்னித்தேன் என்று ஒரு வார்த்தை சொல்வது கடமை என்று என் படிப்பு, என் ஜெபம் எல்லாம் சொன்னது. வாய் திறந்தால் அது வந்துவிடும் என்று பயந்தேன். மனசில் இல்லாததைச் சொன்னால் நானும் அவளைப் போலத்தானே?

"ஒனக்கு இது தெரிஞ்சு எத்தன நாளாச்சு! எனக்கு இன்னிக்குத்தான் தெரியும். எனக்கும் கொஞ்சம் நாள் குடு" என்றேன்.

"வார்த்தைப்பாடு ஞாயித்துக்கெழமை, மகளே" என்றார் மதர்.

"தெரியும் மதர்."

வெளியே வெயில் கண்ணை அடித்தது. அவர் மரத்தடியிலிருந்து வேகமாக வந்து பிள்ளையை வாங்கிக்கொண்டார். 'என்ன கேட்டாங்க' என்று கேட்பார் என்று நினைத்தேன்.

"சொல்லிட்டாங்களா?" என்று கேட்டார்.

நான் அப்படியே நின்றேன். "ஒங்களுக்கும் தெரியுமா?"

"பிள்ள வயித்துல இருக்கும்போதே தெரியும். அத்தை வந்து சொன்னாங்க." பிள்ளையின் காலைத் தடவிக்கொண்டே பேசினார். "ஒங்கிட்டச் சொல்லிரணும்னு எத்தனையோ தடவை வாயெடுத்தேன்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா நீ போயிருவியோன்னு."

"எங்கங்க போவேன்? தாலி கட்டுனவள மடத்துல சேப்பாங்களா?"

"ஒடம்போட இல்ல" என்றார். "வீட்டுல இருந்துக்கிட்டே போயிருவ. ஒன்னய எனக்குத் தெரியாதா?"

அவருக்கு என்னைத் தெரிந்திருக்கிறது. அதனாலேயே மறைத்திருக்கிறார். இதைக் கேட்டு உருகுவதா, வெறுப்பதா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அறந்தாங்கி வரை பஸ்ஸில் அவர் ஆண்கள் பக்கமும் நான் பெண்கள் பக்கமும் உட்கார்ந்து போனோம். பிள்ளை அவர் மடியிலேயே தூங்கிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை போனேன். போகாவிட்டால் ஊர் கேட்கும், அப்பா தலை குனிவார், ஆத்தா படுத்துக்கொள்வாள். முதல் வரிசையில் ஆத்தாவுக்கும் அவருக்கும் நடுவில் நிறுத்தினார்கள். தங்கை பீடத்துக்குப் போகுமுன் திரும்பி என்னைத்தான் பார்த்தாள். நான் பார்வையை விலக்கவில்லை, தலையும் அசைக்கவில்லை. அவள் முகம் மலர்ந்தது. திரும்பிப் போய் முழந்தாளிட்டு, தெளிவான குரலில் வார்த்தைப்பாடு சொன்னாள்.

பூசை முடிந்ததும் மதர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பெரிய மனசு ஒனக்கு" என்றார். ஆத்தா கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆமோதித்தாள். நான் மன்னித்தேனா என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. நான் வந்து நின்றதையே மன்னிப்பாக எடுத்துக்கொண்டார்கள்.